பல் முளைக்கும் முன்பே பல் மருத்துவர்

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையைப் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் திகைக்கத்தான் செய்வார்கள். வாயில் ஒரு பல் இல்லை. பால் குடிக்கவே திணறுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. இப்போது எதற்குப் பல் டாக்டர்?

உதடும் அண்ணமும் பிளந்த நிலையில் பிறக்கும் குழந்தைக்கு, முதல் சில வாரங்களில் பல் மருத்துவர் செய்யக்கூடிய சில வேலைகள் உண்டு. அந்த நாட்களைத் தவறவிட்டால் பிறகு அவற்றை அதே எளிமையோடு செய்ய முடியாது. நம் ஊரில் பல பெற்றோர் இதைக் கேள்விப்படும்போது குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகிவிடுகிறது. ‘உதட்டைத் தைத்துவிடலாம், பயப்படாதீங்க’ என்று பிரசவ வார்டில் சொல்லி அனுப்புகிறார்கள். சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ இரண்டோடுமோ பிறக்கிறது. பிறவியிலேயே முகத்தில் வரும் குறைபாடுகளில் இதுவே மிகப் பரவலானது. கருத்தரித்த நான்காவது வாரத்தில் கருவுக்கு முகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. தனித்தனியான திசுப் புடைப்புகள்தான் இருக்கும். மூக்குப் பகுதிக்கான புடைப்புகள் மேலிருந்து இறங்குகின்றன. மேல்தாடைப் புடைப்புகள் இரண்டு கன்னங்களின் பக்கமிருந்தும் நடுவை நோக்கி வளர்கின்றன. ஏழாவது வாரத்துக்குள் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மேலுதடு முழுமையாகும். ஒட்டாவிட்டால் அந்த இடம் பிளவாக நிற்கும். மூக்குக்குக் கீழே நம் எல்லோருக்கும் மேலுதட்டில் இரண்டு மெல்லிய வரம்புகள் இருக்கின்றனவே, பிளவு பெரும்பாலும் அந்தப் போக்கிலேயே விழுகிறது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் அதிகம் வருகிறது.

அண்ணம் உருவாவது இன்னும் நுட்பமான வேலை. முதலில் நாக்கின் இரு பக்கங்களிலும் இரண்டு திசுத் தட்டுகள் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஏழு, எட்டாவது வாரத்தில் நாக்கு கீழே இறங்கி வழிவிட, அவை மேலெழும்பிக் கிடையாகத் திரும்பி, இரட்டைக் கதவு சாத்துவதுபோல நடுவில் சேர்கின்றன. பன்னிரண்டாவது வாரத்துக்குள் இணைப்பு முடிந்துவிடும். பெண் கருவில் இந்தக் கதவு ஏறக்குறைய ஒரு வாரம் தாமதமாகச் சாத்துகிறது. உதட்டில் பிளவில்லாமல் அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளில் பெண்கள் அதிகம் இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

இவ்வளவும் பல பெண்கள் தாங்கள் கர்ப்பமாக இருப்பதையே அப்போதுதான் உறுதிசெய்துகொள்ளும் நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. ஏழாவது மாதத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள், அரிவாள்மணையில் காய் நறுக்கினாள் என்று தாயைக் குற்றம் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். மெக்சிகோவிலும் இதே கிரகண நம்பிக்கை உண்டு என்பதால் அது உண்மையாகிவிடாது. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்துதான் பிளவு ஏற்படுகிறது. கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பதும், வலிப்புக்காகத் தரப்படும் வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற மருந்துகளும் ஆபத்தைக் கூட்டுகின்றன. (அதற்காக யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.) பெரும்பாலான குடும்பங்களில் இன்ன காரணம் என்று விரல் நீட்ட ஒன்றுமே இருக்காது. தாய் செய்த தவறு என்று எதுவும் இல்லை.

பிறந்தவுடன் முதல் கவலை பால். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பு இல்லை. குழந்தை உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாக வேண்டிய இழுவிசை உண்டாவதில்லை, மூக்கு வழியே காற்று புகுந்துவிடுகிறது. குழந்தை வாயை அசைக்கும், விழுங்கும் சத்தமும் கேட்கும். முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தும் வயிற்றுக்குள் போனது சொற்பமாகத்தான் இருக்கும். குடித்ததைவிடக் குடிக்கச் செலவிட்ட சக்தி அதிகம் என்பதால் எடை ஏறாது. உதட்டில் மட்டும் பிளவு என்றால் நிலைமை வேறு. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் தாயிடமே நன்றாகக் குடித்துவிடும்.

இந்த இடத்தில் நம் வீட்டுச் சாமான் ஒன்று அறிவியலுக்குக் கைகொடுக்கிறது. பாலாடை என்றும் சங்கு என்றும் சொல்கிறோமே, நீண்ட மூக்குள்ள அந்தச் சின்னக் கிண்ணம்தான். இந்தியாவில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எவர்சில்வர் பாலாடை சாதாரணமாகப் புழங்குகிறது. உறிஞ்சத் தேவையில்லை, விழுங்கத் தெரிந்தால் போதும். குழந்தையின் தலையும் முதுகும் நிமிர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிளவில்லாத பக்கம் உதட்டோரத்தில் வைத்து, பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்தது. மூக்கு வழியே கொஞ்சம் பால் வந்தால் பதற வேண்டாம். நிறுத்தி, நிமிர்த்திப் பிடித்து, துடைத்துவிட்டுத் தொடரலாம். காற்று நிறைய உள்ளே போவதால் நடுநடுவே ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒருவேளைப் பால் அரைமணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். மெத்தென்று அமுக்கிப் பாலைப் பீய்ச்சக்கூடிய பாட்டில்களும் இதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கொதிக்க வைப்பதுபற்றிச் சொல்லவே வேண்டாம்.

எடையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. உதட்டு அறுவைச் சிகிச்சைக்கு 1960களிலிருந்து வழக்கில் உள்ள விதி ஒன்று: 10 வார வயது, 10 பவுண்டு எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். 10 பவுண்டு என்றால் சுமார் நாலரை கிலோ. எடை ஏறாத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள், தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

அண்ணத்தின் ஓட்டையை மறைக்கும் தகடு ஒன்றைச் செய்து மாட்டினால் குழந்தை நன்றாகக் குடிக்காதா என்ற எண்ணம் இயல்பாக எழும். பல் மருத்துவர்கள் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தகடு மட்டும் போட்டதால் வளர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மென்மையான அண்ணத்தின் பின்பகுதி திறந்தே இருக்கும் என்பதால் தகட்டால் முழு அடைப்பை உண்டாக்க முடியாது. பாலுக்காக மட்டும் தகடு என்று யாராவது சொன்னால், முதலில் பாலூட்டும் முறையைச் சரிசெய்து பாருங்கள் என்பேன்.

தகட்டின் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. 1950இல் ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் மெக்நீல், அறுவைச் சிகிச்சைக்கு முன்பே பிளந்த ஈறுகளை அக்ரிலிக் தகடுகளால் மெல்ல நகர்த்தி நெருக்கமாகக் கொண்டுவரலாம் என்று காட்டினார். பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வகைத் தகடுகள் வந்தன. சில வெறுமனே வழிகாட்டுபவை, சில எலும்பில் ஊசி செருகித் திருகி இழுப்பவை. ஆனால் இவற்றில் எதுவும் மூக்கைத் தொடவில்லை. பிளவுள்ள பக்கத்தில் மூக்குத்துவாரம் தட்டையாகச் சரிந்து கிடக்கும்; உதட்டைத் தைத்த பிறகும் முகத்தில் பிளவின் அடையாளமாக நிலைத்துவிடுவது பெரும்பாலும் அந்தச் சரிவுதான்.

அதற்கான திறவுகோல் ஜப்பானிலிருந்து வந்தது, அதுவும் காதிலிருந்து. 1980களில் மாட்சுவோ என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், பிறவியில் மடங்கிய காதுமடலைப் பிறந்த சில நாட்களுக்குள் வளைத்துப் பிடித்து வைத்தாலே அது அந்த வடிவத்தில் நின்றுவிடுவதைக் கண்டார். கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் பிறந்த குழந்தையின் உடலில் கொஞ்ச காலம் மிகுதியாக இருக்கிறது. அதனால் குருத்தெலும்பில் ஹைலூரோனிக் அமிலம் கூடி, குருத்தெலும்பு நெகிழ்ந்திருக்கிறது. வாரங்கள் போகப்போக ஈஸ்ட்ரோஜன் வடிந்துவிட, அதே குருத்தெலும்பு விறைத்துப் போகிறது. மூக்குக்கும் இது பொருந்தும். இந்த உண்மையை ஈறுத் தகட்டோடு சேர்த்து, 1993இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல் சீரமைப்பு மருத்துவர் பாரி கிரேசனும் அறுவைச் சிகிச்சை நிபுணர் கோர்ட் கட்டிங்கும் புதிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். மூக்கையும் ஈற்றையும் ஒருசேர வடிவமைக்கும் முறை. மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக என்.ஏ.எம். என்பார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் வாயின் அச்சு எடுக்க வேண்டும். குழந்தைக்கு மயக்க மருந்து கிடையாது. விழித்திருக்க வேண்டும், அழவும் வேண்டும். அழுகுரல் கேட்கும்வரை மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வயிறு காலியாக இருக்கும்படி பால் நேரத்தைப் பார்த்து வரச்சொல்லியிருப்பார்கள். அச்சுப்பசை தொண்டைக்குள் நழுவிவிடக் கூடாது என்பதால் பல மருத்துவர்கள் குழந்தையைக் குப்புறப் பிடித்துக்கொண்டு அச்சு எடுப்பார்கள். உறிஞ்சுகுழாயும் ஆக்சிஜனும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். சிறு கரண்டியில் பசை உள்ளே போகும், ஓரிரு நிமிடங்களில் இறுகும், வெளியே வரும். பெற்றோருக்கு அந்த நிமிடங்கள் நீளமானவை. குழந்தையோ எடுத்தவுடன் அம்மா தோளில் அமைதியாகிவிடும்.

அச்சிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு, வார்ப்பின்மேல் அக்ரிலிக் தகடு. தகட்டின் நடுவில் ஒரு சிறு துளை விடுவார்கள். ஒருவேளை தகடு பின்னால் சரிந்துவிட்டாலும் அதன் வழியே காற்று போக வேண்டும். முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு குமிழ் இருக்கும். சின்ன எலாஸ்டிக் வளையத்தை அதில் மாட்டி, மறுமுனையைப் பிளாஸ்திரியால் கன்னத்தில் ஒட்டினால் தகடு அண்ணத்தோடு பொருந்தி நிற்கும். கன்னத்துத் தோல் உரிந்துவிடாமலிருக்க அடியில் மென்மையான ஒட்டுப்படலம் ஒன்று. உதட்டின் இரு ஓரங்களையும் சேர்த்து இழுத்து இன்னொரு பிளாஸ்திரி.

வாரம் ஒருமுறை மருத்துவர் தகட்டை எடுத்து, ஈறு எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கத்தில் அக்ரிலிக்கைச் சுரண்டி இடம் விடுவார். எதிர்ப்பக்கத்தில் மென்மையான பொருளை ஏற்றுவார். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள்தான் எல்லாம். வளர்கிற ஈறு விட்ட இடத்தைத் தேடிப் போகிறது. இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த பிறகு தகட்டின் முன்பக்கத்தில் ஒரு கம்பி வளைத்து, நுனியில் அக்ரிலிக் மொட்டு வைத்து, மூக்குத்துவாரத்துக்குள் நுழைப்பார்கள். சரிந்த மூக்கை அது உள்ளிருந்து தாங்கி உயர்த்துகிறது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. இடைவெளி அகலமாக இருக்கும்போதே மூக்கில் கம்பி வைத்தால் துவாரம் பெரிதாகிவிடும், அதைச் சுருக்குவது கடினம். ஒருபக்கப் பிளவுக்கு மூன்று, நான்கு மாதம். இருபக்கப் பிளவுக்கு இன்னும் கூடும். இருபக்கப் பிளவில் மேல்தாடையின் நடுத்துண்டு மூக்கு நுனியோடு சேர்ந்து முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், இரண்டு துவாரங்களுக்கு நடுவிலுள்ள தண்டு இல்லாததுபோலவே இருக்கும். கத்தி படாமல் அந்தத் தண்டை நீட்டித் தருவதுதான் இந்த முறையின் மிகப் பெரிய வரவு என்று நான் கருதுகிறேன்.

தகடு இரவும் பகலும் வாயில் இருக்க வேண்டும், பால் குடிக்கும்போதும். தினமும் எடுத்துக் கழுவ வேண்டும். ஈற்றில் புண் வரலாம், வெள்ளை படியலாம், கன்னம் சிவக்கலாம். தகடு ஒரு நாள் மாட்டாமல் கிடந்தாலே பொருத்தம் மாறத் தொடங்கும். ஆகவே இந்தச் சிகிச்சையின் பாதிச் சுமை வீட்டில், பெரும்பாலும் தாயின் கையில்தான்.

இதெல்லாம் வேலை செய்கிறதா? நேர்மையாகச் சொன்னால் பதில் ஒரே வரியில் அடங்காது. 1990களில் நெதர்லாந்தில் மூன்று மையங்கள் சேர்ந்து 54 குழந்தைகளை வைத்துக் கட்டுப்படுத்திய ஆய்வு ஒன்றைச் செய்தன. ஒரு பிரிவுக்குத் தகடு, இன்னொரு பிரிவுக்கு இல்லை. பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், பாலூட்டலிலோ எடையிலோ மேல்தாடையின் வடிவத்திலோ நிலைத்து நிற்கும் பயன் தெரியவில்லை. அந்த முடிவுக்குப் பிறகு ஐரோப்பாவில் பல மையங்கள் தகட்டையே கைவிட்டன. ஆனால் அந்த ஆய்வில் மூக்குக்கான கம்பி இல்லை. மூக்கின் வடிவம், அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு உதடுகள் இழுப்பின்றிச் சேர்வது ஆகியவற்றில் பயன் கிடைக்கிறது என்று பல மையங்களின் அனுபவம் சொல்கிறது. அந்தப் பயன் பெரியவனாகும்வரை எவ்வளவு நிற்கிறது என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் தொடர்கிறது. அகன்ற பிளவு, குறிப்பாக இருபக்கப் பிளவு என்றால் இதைச் செய்துபார்ப்பது நியாயம். குறுகிய பிளவுக்கு உதட்டில் பிளாஸ்திரி மட்டும் ஒட்டி வந்தாலே போதுமானதாக இருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் தகடு என்று விற்பதும் தவறு, யாருக்குமே வேண்டாம் என்று கைகழுவுவதும் தவறு.

தகட்டின் பயனில் கொஞ்சமும் சந்தேகம் கொள்ள முடியாத இடம் ஒன்று உண்டு. அது அழகு சார்ந்ததே அல்ல. சில குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை மிகச் சிறியதாக அமைந்துவிடும். கருவிலேயே நாக்கு இறங்க இடமில்லாமல் அண்ணத்தின் கதவுகளை மறித்து நின்றுவிடுவதால் அகன்ற வளைவாகப் பிளவு விழும். பிறந்த பிறகு அதே நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். 1923இல் பிரெஞ்சு வாய்நோய் மருத்துவர் பியேர் ரொபேன் இந்த மூச்சடைப்பை விவரித்தார், அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. குப்புறப் படுக்கவைத்தால் சில குழந்தைகள் சமாளித்துவிடும். முடியாதவர்களுக்குத் தாடை எலும்பை வெட்டி நீட்டுவது, தொண்டையில் துளையிடுவது என்று பெரிய சிகிச்சைகள் இருந்தன. ஜெர்மனியின் டியூபிங்கன் நகர மருத்துவர்கள் வேறு வழி கண்டார்கள். அண்ணத் தகட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீட்சி தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடிப்பகுதியை முன்னால் தள்ளிப் பிடிக்கிறது. நீட்சி சரியான இடத்தில் நிற்கிறதா என்று உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் தடவைகளை அளந்து அதன் நீளத்தைத் திருத்துகிறார்கள். தூக்கத்து மூச்சடைப்பு கணிசமாகக் குறைந்ததை ஆய்வும் காட்டியது. சில மாதங்களில் தாடை வளர்ந்துவிட, தகட்டை எடுத்துவிடலாம்.

உதடு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், அண்ணம் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தைக்கப்படும். பேச்சுக்கு அண்ணத்தை எப்போது மூடுவது நல்லது என்பதற்கு 2023இல் ஒரு நல்ல விடை கிடைத்தது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 558 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் மூடியவர்களில் 8.9 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் மென்னண்ணம் சரியாக அடைக்காமல் மூக்கில் காற்று கசிந்தது. பன்னிரண்டு மாதத்தில் மூடியவர்களில் அது 15 சதவீதம். அண்ணத் தசைகளே காதின் உட்குழாயையும் திறந்து மூடுவதால், இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கும். கேட்கும் திறனைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

இனிப் பற்கள். பிளவுள்ள குழந்தைகளில் சிலருக்குப் பிறக்கும்போதே பிளவின் ஓரத்தில் ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கும். அது நழுவி மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம் என்பதாலும், தகட்டுக்கு இடைஞ்சல் என்பதாலும் எடுத்துவிடுவார்கள். பிளவின் பக்கத்தில் முன்பற்களுக்கு அடுத்த வெட்டுப்பல் முளைக்காமலே போவது மிகச் சாதாரணம். சிலருக்கு அதே இடத்தில் கூடுதலாக ஒன்று முளைக்கும். பற்கள் திரும்பியும் சாய்ந்தும் வரும், மேற்பூச்சு பலவீனமாக இருக்கும். இந்த நிலையில் பால்பற்கள் மிக விரைவாகச் சொத்தையாகின்றன. எடை ஏறட்டும் என்று இரவில் சர்க்கரை கலந்த பால், அடிக்கடி தரும் இனிப்பு சிரப் மருந்துகள், தைத்த இடத்தைத் தொட அம்மாவுக்கு உள்ள பயம், தழும்பால் இறுகிய உதட்டை உயர்த்திப் பல் துலக்க முடியாமை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எந்தக் குடும்பமும் அலட்சியத்தால் இதைச் செய்வதில்லை. அவர்கள் பார்வை முழுவதும் அடுத்த அறுவைச் சிகிச்சையின் மேல் இருக்கிறது, பல்லைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. பல் முளைக்கும் முன்பு, பால் குடித்ததும் சுத்தமான ஈரத்துணியால் ஈற்றைத் துடைக்கலாம். முதல் பல் எட்டிப்பார்த்த அன்றே மென்மையான பிரஷ்ஷும், அரிசி அளவு ஃப்ளூரைடு பற்பசையும். தைத்த இடம் ஆறிவிட்டது என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் சொன்ன பிறகு அங்கும் துலக்கலாம், துலக்க வேண்டும். துலக்குவதால் தையல் பிரிந்துவிடாது.

விழப்போகிற பல்தானே என்று விடுவது இங்கே பெரிய இழப்பில் முடியும். ஈற்றெலும்பில் உள்ள பிளவு உதட்டுத் தையலால் மூடுவதில்லை. 1972இல் பாய்னும் சாண்ட்ஸும் எழுதிய முறைப்படி, எட்டு முதல் பதினொரு வயதுக்குள், நிரந்தரக் கோரைப்பல் இறங்கும் முன்பு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்புத்துருவலை எடுத்து அந்தப் பிளவில் நிரப்புகிறார்கள். கோரைப்பல் அந்தப் புது எலும்பின் வழியே இறங்கி, அதைத் தாங்கிப் பிடிக்கிறது. சொத்தையும் சீழும் நிறைந்த வாயில் வைத்த எலும்பு கரைந்துபோக வாய்ப்பு அதிகம். முதல் ஆண்டில் ஈரத்துணியால் துடைத்த பழக்கம் பத்தாவது ஆண்டின் அறுவைச் சிகிச்சையைக் காக்கிறது.

2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் பிறவி உதட்டு, அண்ணப் பிளவுகள் இடம்பெற்றுள்ளன. தொண்டு அமைப்புகளின் உதவியாலும் பல மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அறுவைச் சிகிச்சை ஒரு நாள் காரியம். தகட்டுச் சிகிச்சையோ வாராவாரம் பஸ் ஏறச் சொல்கிறது. பச்சைக் குழந்தையோடு அம்மாவும் துணைக்கு இன்னொருவரும் வர வேண்டும், அந்த நாளின் கூலி போகும். தகடு பாதியில் நின்றுபோவதற்கு மருத்துவத்தைவிடப் பஸ் கட்டணமே அதிகம் காரணமாகிறது என்பது என் எண்ணம். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தருகிற திட்டங்கள் இந்தப் பயணத்துக்கும் தர வேண்டும். பல், காது, பேச்சு என்று மூன்று வெவ்வேறு நாட்களில் அலையவிடாமல் ஒரே நாளில், ஒரே இடத்தில் எல்லோரையும் பார்க்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் குழந்தை மருத்துவர், அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆகியோரோடு பல் மருத்துவரின் பெயரும், இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியும் எழுதப்பட வேண்டும்.